நாலா, அஞ்சா

காலையில் செருப்பை மாட்டும்போதே வெடிக்காரர் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார். “இன்னிக்கு நாலு” என்றால் பாறையில் நாலு குழி, நாலு வெடி. மறந்துபோய் நடந்தாரானால் அவருடைய அம்மா தெருமுனை வரைக்கும் விரட்டிப் பிடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவாள். உச்சி வெயிலில் குவாரியில் சங்கு ஊதும். ஊதின நொடியில் வீட்டில் பேச்சு நின்றுவிடும். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு கையை விரித்துக்கொண்டு உட்காருவார்கள். ஒரு வெடிக்கு ஒரு விரல். சொன்ன கணக்கு நிறைந்தால் மாமியார் “ஆச்சு” என்பாள். அப்புறம்தான் உலையில் அரிசி விழும்.

கணக்கு குறைந்தால், பாறைக்குள் ஒன்று வெடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஊமை வெடி என்பார்கள். திரி நமுத்து அணைந்திருக்கலாம். அணையாமல் உள்ளே கனன்றுகொண்டும் இருக்கலாம். சரிந்து கிடக்கிற கல்லுக்கு அடியில் அது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் கடப்பாரையைப் போட்டவர்களின் கதை அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. யாரும் அதை முழுசாகச் சொல்ல மாட்டார்கள். பாதியில் எழுந்து போய்விடுவார்கள்.

மருமகள் கணக்கில் பட்டம் வாங்கியவள். பள்ளிக்கூட வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். காத்திருக்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று சாயங்காலம் முன்னறையில் குவாரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். அதனால் ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். புருஷனும் கேலியாக ஆரம்பித்து இப்போது அதையே பேராக்கிவிட்டார். கல்யாணமான புதிதில் ஒருநாள் எண்ணிக்கையில் ஒன்றைக் கோட்டைவிட்டு, பதறியடித்துக்கொண்டு குவாரிக்கு ஓடியிருக்கிறாள். அங்கே எல்லாம் ஒழுங்காக வெடித்து முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “டீச்சருக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிக்குடுங்கப்பா” என்று மேஸ்திரி அடித்த நக்கல் வெகுநாள் வரைக்கும் ஓயவில்லை. பயம் என்றால் அவளுக்கு வெடி மட்டும் இல்லை, அந்தச் சிரிப்பும்தான்.

ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் போன பிறகும் பலகையில் எழுத்து அழியாமல் இருந்தது. வெடிக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே அதைப் பார்த்தார்.

“என்ன டீச்சர், இன்னிக்கு யார் மண்டையை உருட்டின?”

“ஈருறுப்புக் கோவைங்க. ரெண்டைக் கூட்டி அடுக்குப் போட்டா எப்படி விரியும்னு பாடம். ஒரு பிள்ளைக்கும் வர மாட்டேங்குது. ஓரத்துல இருக்கிற ரெண்டை எழுதிட்டு நடுவுல வர்றதை அப்படியே முழுங்கிடுதுங்க.”

“எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பாப்போம்.”

“உங்க பாஷையிலேயே சொல்றேன். ஒரு குழி இருக்கு. வெடிக்கும், இல்லைன்னா ஊமையா நிக்கும். வெ, ஊ. நடுவுல கூட்டல் போட்டு அடைப்புக்குறிக்குள்ள வச்சுக்கலாம். ரெண்டு குழின்னா ரெண்டு அடைப்புக்குறி. ஒவ்வொண்ணுலேருந்தும் ஒரு எழுத்தை எடுத்துப் பெருக்கணும். ரெண்டும் வெடிக்கிறது ஒரு விதம். ரெண்டும் நிக்கிறது ஒரு விதம். ஒண்ணு வெடிச்சு ஒண்ணு நின்னா?”

“அது ரெண்டு விதமாச்சே. இது நின்னிருக்கலாம், இல்லை அது நின்னிருக்கலாம்.”

“பாத்தீங்களா, உங்களுக்கு வருது. அந்த ரெண்டைத்தான் பிள்ளைங்க விட்டுடுதுங்க.”

வெடிக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் வந்தார். “ஆறு குழின்னா?”

டீச்சர் யோசிக்காமல் எழுதினாள். ஒன்று, ஆறு, பதினைந்து, இருபது, பதினைந்து, ஆறு, ஒன்று. “ஆறும் வெடிச்சா ஒரே விதம். ஒண்ணு நின்னா, அது ஆறு இடத்துல எங்க வேணா இருக்கலாம். ரெண்டு நின்னா பதினஞ்சு விதம்.”

“ஒண்ணுக்கு ஆறுன்னா ரெண்டுக்குப் பன்னெண்டுதானே வரணும்?”

“வராதுங்க. முதல் குழியோட சேத்து அஞ்சு ஜோடி. அதை விட்டுட்டா ரெண்டாவதோட நாலு. அப்புறம் மூணு, ரெண்டு, ஒண்ணு. கூட்டிப் பாருங்க.”

அவர் உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தார். முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. அடுப்படியிலிருந்து மாமியார் சத்தம் போட்டாள். “சாப்பிடுற நேரத்துல என்னடா பேச்சு இது? அதை அழிம்மா முதல்ல.”

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குவாரியைப் புதிதாக எடுத்த முதலாளிக்கு எதிலும் அவசரம். நாளையிலிருந்து ஒரே வேளையில் ஆறு குழி போட வேண்டும். கிழக்கே மூன்றுக்கு வெடிக்காரர் திரி பற்றவைப்பார், மேற்கே மூன்றுக்கு மச்சான். மச்சான் என்றால் வெடிக்காரரின் தங்கையைக் கட்டியவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக ஓடி ஒதுங்கிக்கொள்ள வேண்டியது.

“இத்தனை நாளா நான் ஒருத்தனே பத்த வைப்பேன்” என்றார் வெடிக்காரர். “திரியை ஒண்ணைவிட ஒண்ணு நீளமா விட்டா வரிசையா வெடிக்கும். நடுவுல ஒரு இடத்துல சத்தம் வரலைன்னா எந்தக் குழின்னு அங்கேயே தெரிஞ்சுடும். இனிமே ரெண்டு பக்கமும் கலந்துகட்டி வெடிக்கும்.”

“அப்ப யாருடா எண்ணுறது?” என்றாள் மாமியார்.

“அவன் மூணை அவன் எண்ணுவான். என் மூணை நான் எண்ணுவேன்.”

“சத்தத்துல பேரா எழுதியிருக்கு, இது உங்களுது அது அண்ணனோடதுன்னு?” என்று டீச்சர் கேட்டாள்.

“நீ ஒருத்தி” என்று அவர் சிரித்துவிட்டுக் கை கழுவப் போனார். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. மழை வேறு விட்டபாடில்லை.

மறுநாள் “ஆறு” என்று சொல்லிவிட்டுப் போனார். வானம் மூட்டமாகவே கிடந்தது. மாமியார் அரிசி களைந்து வைத்திருந்தாள். டீச்சர் கொல்லைப்பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது சங்கு ஊதியது. கீரையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து மாமியாருக்கு எதிரில் உட்கார்ந்தாள். 

முதல் வெடி வந்தது. அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இரண்டாவது கொஞ்சம் தள்ளி வந்தது. மூன்றாவது வரும்போதே நீளமாக வந்தது. அதன் பின்னாலேயே ஒரு உறுமல். அது இன்னொரு வெடியா, எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பிய சத்தமா? டீச்சர் ஒரு விரலைத்தான் மடக்கினாள். பிறகு ஒன்று, சுத்தமாக, தனியாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

டீச்சரின் கையில் கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது. மாமியாரின் கையில் ஐந்து விரலும் மடங்கியிருந்தன.

“அத்தை, நாலுதானே?”

“அஞ்சு.”

“மூணாவதுக்குப் பின்னாடி வந்தது எதிரொலி அத்தை.”

“எதிரொலி எது, வெடி எதுன்னு எனக்கா தெரியாது? உன் மாமனார் காலத்துலேருந்து எண்ணுறேன். அஞ்சுதான்.”

“அஞ்சுன்னாலும் ஒண்ணு குறையுதே!”

“அதைத்தான் சொல்றேன். ஓடு. என் முட்டிக்கு அந்த மேடு ஏறாது. ஒண்ணு நிக்குதுன்னு சொல்லு. இறங்கிடாதீங்கன்னு சொல்லு.”

“ரெண்டு அத்தை.”

“ஒண்ணுன்னு சொல்லுடி!” மாமியார் அவளை ஒருநாளும் ‘டி’ போட்டதில்லை.

அடுப்பைக்கூட அணைக்காமல் டீச்சர் ஓடினாள். சேறு செருப்பைப் பிடித்துக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். புகை அடங்கிய பிறகுதான் ஆட்கள் பள்ளத்தில் இறங்குவார்கள், அதுவரைக்கும் பயமில்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டே ஓடினாள். ஆனால் குவாரிக்கு மேலே புகையே இல்லை. மழைக்காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அப்படியானால் இந்நேரம் இறங்க ஆரம்பித்திருப்பார்கள். போன் பண்ணலாம் என்றால், வெடி வைக்கிற நாளில் எல்லோருடைய போனும் வாசலிலேயே பெட்டிக்குள் போய்விடும்.

வாசல் கொட்டகையில் மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். 

“என்ன டீச்சர், இன்னிக்கு எத்தனை விட்டுப்போச்சு?”

“ஆளுங்களை இறக்காதீங்க. எல்லாம் வெடிக்கலை.”

“ரெண்டு பேரும் ஆபத்துக் கொடியை இறக்கிட்டாங்களேம்மா. வெடி வச்சவனுக்குத் தெரியாததா வீட்டுல கீரை ஆயறவங்களுக்குத் தெரியப்போகுது?” அவள் விரலில் ஒட்டியிருந்த கீரைத்தழையை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

அவள் பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினாள். கீழே ஆணும் பெண்ணுமாகக் கடப்பாரையையும் கூடையையும் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்க ஆரம்பித்திருந்தார்கள். “நில்லுங்க! நில்லுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். சிலர் நின்றார்கள். சிலர் சிரித்தார்கள். வெடிக்காரர் சரிவில் பாதி ஏறி வந்தார். முகத்தில் வெட்கமும் கோபமும் கலந்திருந்தன.

“என்ன இது? மறுபடியுமா?”

“எத்தனை எண்ணினீங்க?”

“மூணு. என்னோடது மூணும் வெடிச்சாச்சு.”

மச்சானும் வந்து சேர்ந்தார். “என்னுதும் மூணும் வெடிச்சுதும்மா. நானே எண்ணினேன்.”

“மூணுக்கு அப்புறம் எண்ணினீங்களா அண்ணே?”

மச்சான் வெடிக்காரரைப் பார்த்தார். வெடிக்காரர் மச்சானைப் பார்த்தார்.

“மூணு வந்துச்சு. தண்ணி குடிக்கப் போயிட்டேன்” என்றார் மச்சான்.

“நீங்க?”

“மூணு வந்ததும் கொடிகிட்ட போயிட்டேன்.”

“மொத்தமே நாலுதான் வெடிச்சிருந்தாலும் நீங்களும் மூணு கேட்டிருப்பீங்க, அண்ணனும் மூணு கேட்டிருப்பார். ஒரே சத்தத்தை ரெண்டு பேரும் உங்களுதுன்னு எடுத்துக்கிட்டிருக்கீங்க.”

வெடிக்காரர் திரும்பி, “ஏறு! எல்லாரும் மேல ஏறு!” என்று போட்ட சத்தத்தில் கூடைகள் அங்கங்கே விழுந்தன. சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள்.

மேஸ்திரியும் டீ டம்ளரோடு வந்து நின்றார். “சரி, எத்தனைதான் நிக்குது?”

டீச்சர் உள்ளதைச் சொன்னாள். “அத்தைக்கு அஞ்சு கேட்டிருக்கு. எனக்கு நாலு.”

“பெரியம்மா காது தப்பாது. அப்ப ஒண்ணுதான்” என்று மேஸ்திரி அந்த இடத்திலேயே முடிவு கட்டினார். 

வைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். ஊமையை விட்டுவிட்டுப் போனால், அடுத்த நாள் கல் பொறுக்க வருகிற பெண்களின் காலடியில் அது இருக்கும். வெடிக்காரரும் மச்சானும் இறங்கினார்கள். கடப்பாரை கிடையாது, சம்மட்டி கிடையாது. வெறுங்கையால் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி தள்ளி வைக்க வேண்டும். மேலே அத்தனை பேர் நின்றும் ஒரு இருமல் சத்தம் இல்லை. டீச்சருக்கு மனதுக்குள் அந்தப் பதினைந்து ஓடியது. இரண்டும் கிழக்கே என்றால் மூன்று விதம், இரண்டும் மேற்கே என்றால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது. பலகையில் எழுதும்போது அது வெறும் எண்ணாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றும் அவருடைய கையாக, காலாக இருந்தது.

கிழக்குக் கோடியில் ஒன்று அகப்பட்டது. பாறை பிளக்காமல் குழி வாய் அப்படியே இருந்தது. ஆளை எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் விரட்டிவிட்டு, மறுபடி சங்கு ஊதி, அதை அங்கேயே வெடித்துத் தீர்த்தார்கள். அந்தச் சத்தத்தில் டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தவள், நிமிர்ந்து இரண்டு பேரும் முழுசாக வருவதைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தாள்.

“அஞ்சும் ஒண்ணும் ஆறு. கணக்கு தீந்தது” என்றார் மேஸ்திரி. “இறங்குங்கப்பா, பொழுது போகுது. லாரிக்காரன் வேற காத்துக்கிட்டிருக்கான்.”

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றாள் டீச்சர்.

“அம்மா தாயே, வந்து சொன்னே, கேட்டோம், எடுத்தோம். உனக்குப் புண்ணியமாப் போகட்டும். இதுக்கு மேல வேலையைக் கெடுக்காதே. முதலாளி கேட்டா நான் என்ன சொல்றது? டீச்சருக்கு ஒரு விரல் பாக்கி இருக்குன்னு சொல்றதா?”

ஆட்கள் சிரித்தார்கள். பயம் விலகின சிரிப்பு அது, கொஞ்சம் பலமாகவே வந்தது. வெடிக்காரர் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். கை முழுக்கச் சிராய்ப்பு. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், என்னைப் பாத்துச் சொல்லு. நிச்சயமா நாலா?”

அவளுக்கு நிச்சயமில்லை. அந்த மூன்றாவது சத்தத்தை எத்தனை தடவை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாலும், ஒரு தடவை வாலாகக் கேட்டது, ஒரு தடவை வெடியாகக் கேட்டது. தெரியவில்லை என்று சொன்னால், பின்னால் நிற்கிற அத்தனை பேரும் கடப்பாரையோடு இறங்குவார்கள்.

“நாலுதாங்க” என்றாள்.

அவர் நம்பினாரா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பிப் போய், “ஒருத்தரும் இறங்கக் கூடாது” என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி டம்ளரை விசிறி எறிந்தார். “நானும் வர்றேன் மச்சான்” என்று மச்சான் கிளம்பியபோது, “இருக்கோ இல்லையோன்னு தேடுறதுக்கு ஒரு ஆள் போதும்” என்று அவரை நிறுத்திவிட்டு வெடிக்காரர் தனியாக இறங்கினார்.

அப்போதுதான் டீச்சருக்குத் தான் செய்தது விளங்கியது. எல்லோரையும் காப்பாற்றப் போய்த் தன் புருஷனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டாள். இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு முடிவு ஏது? மிச்சம் ஐந்து இடம். ஐந்தையும் கல் கல்லாகப் பெயர்த்துப் பார்த்தாக வேண்டும். ஈரக் கல் வழுக்கும். ஒரு கல் கைநழுவினால் போதும். கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். கிடைத்துத் தொலைக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டாள்.

பின்னால் இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. மறுபடி சங்கும் வெடியும் கேட்டு மாமியார் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் வந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த மேட்டை எப்படி ஏறினாளோ. முகமெல்லாம் வியர்வை.

“கெடைச்சுதா?”

“ஒண்ணு கெடைச்சுது அத்தை. வெடிச்சாச்சு.”

“பின்ன எதுக்கு அவன் கீழ நிக்கிறான்?”

“நாலுன்னு நான் அடிச்சுச் சொல்லிட்டேன். அதனால இன்னொண்ணைத் தேடுறார்.” டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு நிச்சயமாத் தெரியலை அத்தை. நீங்க சொன்னதுதான் சரியா இருக்கும். அஞ்சுதானே? சொல்லுங்க, இப்பவே அவரை ஏறி வரச் சொல்லிடறேன். யாரு வேணா சிரிச்சுட்டுப் போகட்டும்.”

மாமியார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“அத்தை?”

“நாலுதாம்மா.”

டீச்சருக்கு முதலில் புரியவில்லை.

“எனக்கும் நாலுதான் கேட்டுது” என்றாள் மாமியார். “பின்னாடி வந்தது எதிரொலிதான். ஒண்ணு நிக்குதுன்னா அவன் ஒரு தடவை கையை விட்டா போதும். ரெண்டுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. அஞ்சாவது விரலை நானா மடக்கிக்கிட்டேன். வழியெல்லாம் அது வெடியாத்தான் இருக்கும், வெடியாத்தான் இருக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தேன்.”

கீழே வெடிக்காரர் இடுப்பை நிமிர்த்தினார். இதுவரைக்கும் மூன்று இடம் பார்த்தாகிவிட்டது. மேலே பார்த்து, ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஏறி வந்துவிடட்டுமா என்று தலையை அசைத்துக் கேட்டார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார். அவர் வந்த உடனே மேஸ்திரி ஆட்களை இறக்கிவிடுவார்.

டீச்சர் விளிம்புக்குப் போனாள். “இருக்குங்க!” என்று கத்தினாள். “ரெண்டாவது இருக்கு! அத்தையும் நாலுதான் எண்ணினாங்களாம்!”

வெடிக்காரர் அம்மாவைப் பார்த்தார். மாமியார் நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நாலாவது இடத்துக்கு நகர்ந்து மண்டி போட்டார். முதல் கல்லை இரண்டு கையாலும் பிடித்தார். மேலே மாமியாரும் மருமகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சத்தம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.